கப்பல் சுற்றுலாவில் டிப்ஸ், உடை, ஆன்போர்டு கிரெடிட்: எதை முதலில் பார்ப்பது?

கப்பல் பயணம் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “என்ன டிரஸ் எடுத்துட்டுப் போறது?” என்றுதான். டிப்ஸ் பற்றிக் கப்பலில் ஏறிய பிறகு கேட்பார்கள். கப்பலில் செலவழிக்க முன்கூட்டியே வரவு வைக்கும் ஆன்போர்டு கிரெடிட் என்று ஒன்று தங்கள் பெயரில் இருந்ததே இறங்குகிற அன்று பில்லைப் பார்க்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதலில் கிரெடிட், அடுத்து டிப்ஸ், அதற்கப்புறம் பெட்டி கட்டுவது. மாற்றிச் செய்தால் நஷ்டம்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போய்வரும் மூன்று, நான்கு இரவுக் கப்பல்களில் வீட்டாரையும் நண்பர்கள் குடும்பங்களையும் கூட்டிப் போய்வந்ததில் கற்றது இது. அந்தத் தடத்தில் நம் ஆட்கள் அதிகம் ஏறுவது ராயல் கரீபியன் கப்பல்களில் என்பதால் கணக்கை அவர்கள் விதிப்படி சொல்கிறேன். மற்ற கம்பெனிகளில் மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: புக்கிங் உறுதித் தாள், போனில் அந்தக் கம்பெனியின் ஆப், வெளிநாட்டில் வேலை செய்யும் கிரெடிட் கார்டு, ஒன்றும் ஐந்துமாகக் கொஞ்சம் டாலர் நோட்டு.

1. புக்கிங் தாளில் கிரெடிட் இருக்கிறதா என்று தேடுங்கள்

ஆன்போர்டு கிரெடிட் என்பது கப்பலில் உங்கள் கணக்கில் முன்கூட்டியே வரவு வைக்கப்படும் பணம். கப்பலில் ரொக்கம் புழங்காது. அறைச் சாவியாக இருக்கும் கார்டைத்தான் எல்லா இடத்திலும் நீட்டுவீர்கள். செலவெல்லாம் ஒரே கணக்கில் ஏறும், கிரெடிட் அதில் கழியும்.

இது வரும் வழிகள் பல. கம்பெனியே சலுகையாகத் தரும். டிராவல் ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து தருவார். போன பயணத்தின்போது கப்பலிலேயே அடுத்ததை புக் செய்திருந்தால் அதற்கும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் கார்னிவல், பிரின்சஸ் முதலிய கப்பல் கம்பெனிகளின் தாய் நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேஷனின் 100 பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் பங்குதாரர் சலுகையாக கிரெடிட் கேட்டு வாங்குகிறார்கள். இது தானாக வராது, பயணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

ஏஜென்ட் வாயால் சொன்ன கிரெடிட்டை நம்பாதீர்கள். “சார், அம்பது டாலர் போட்டுத் தர்றேன்” என்பது உறுதித் தாளில் ஒரு வரியாக வர வேண்டும். வரவில்லை என்றால் பாக்கித் தொகை கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கட்டிய பிறகு போனை எடுக்க மாட்டார்.

2. அது எந்த வகைக் கிரெடிட் என்று கேளுங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். கிரெடிட்டில் இரண்டு வகை. ஒன்றில் மிச்சம் இருந்தால் கடைசியில் ரொக்கமாகவோ கார்டிலோ திரும்பி வரும். இன்னொன்றில் மிச்சம் இருந்தால் கப்பலோடு போய்விடும். சலுகையாக வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை.

இன்னும் மூன்று கேள்விகள். அறைக்கா, ஆளுக்கா? பெரும்பாலும் அறைக்குத்தான், “ஆளுக்கு நூறு” என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். யார் பெயரில் ஏறும்? கணவர் பெயரில் வரவு இருக்க, மனைவி தன் கார்டில் செலவழித்தால் அது கழியாமல் நிற்கலாம். கப்பல் ஏறும் முன் வாங்குபவற்றுக்குச் செல்லுமா? பொதுவாகச் செல்லாது, கப்பலுக்குள் செலவழிக்கத்தான் அது. கேசினோவில் சூதாடவும் இந்தப் பணத்தை எடுத்துத் தர மாட்டார்கள்.

3. இப்போது டிப்ஸ் கணக்கு

டிப்ஸ் என்றால் சரவண பவனில் தட்டில் விட்டுவருகிற இருபது ரூபாய் போல நினைத்துக்கொண்டுதான் பலர் வருகிறார்கள். கப்பலில் அது கிட்டத்தட்ட ஒரு கட்டணம். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகக் கணக்கில் ஏறும். ராயல் கரீபியனில் நான் கடைசியாகப் பார்த்தபோது சாதாரண அறைக்கு 18.50 டாலர், சூட் எனும் பெரிய, உயர்விலை அறைக்கு 21 டாலர். அறையைத் துப்புரவு செய்பவர், சாப்பாட்டு மேசையில் பரிமாறுபவர், திரைக்குப் பின்னால் துணி துவைப்பவர், பாத்திரம் கழுவுபவர் வரை அது பிரிகிறது.

நான்கு பேர் குடும்பம், நான்கு இரவு: 18.50 × 4 × 4 = 296 டாலர். நம் ரூபாயில் கால் லட்சத்தைத் தொடும். டிக்கெட் விலையில் இது இல்லை. ராயல் கரீபியனில் குழந்தைக்கும் முழுத் தொகைதான். கார்னிவலில் 2 வயதுக்குக் கீழும், நார்வேஜியனில் 3 வயதுக்குக் கீழும் கிடையாது. பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019-இல் தினசரி டிப்ஸையே எடுத்துவிட்டது. ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்விலைக் கப்பல்களில் டிக்கெட்டிலேயே அடக்கம்.

இதை முன்பணமாகவும் கட்டலாம், கப்பலில் தினமும் ஏறட்டும் என்றும் விட்டுவிடலாம். எது நல்லது என்பதை முந்தின படியில் கேட்ட பதில் சொல்லும்:

மிச்சம் திரும்பாத கிரெடிட் உங்களுக்கு இருந்தால் டிப்ஸை முன்பணமாகக் கட்டாதீர்கள். கப்பலில் ஏறும் டிப்ஸை அந்தக் கிரெடிட் தின்றுவிடும். கிரெடிட் 100 டாலர் என்றால் 296-இல் 100 கழிந்து 196 கட்டினால் போதும்.

கிரெடிட்டே இல்லை என்றால் முன்பணமாகக் கட்டிவிடுங்கள். இடையில் கட்டணத்தை உயர்த்தினாலும் உங்களுக்குப் பழைய விலை. கடைசி நாள் பில்லும் பயமுறுத்தாது.

என் மைத்துனர் 296-ஐ வீட்டிலிருந்தே கட்டிவிட்டு, 100 டாலர் கிரெடிட் இருப்பதைக் கடைசி இரவுதான் கண்டுபிடித்தார். ஒன்பதரை மணிக்குக் கப்பல் கடைக்குள் ஓடி, பெயர் பொறித்த நான்கு தொப்பியும் ஒரு குடையும் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் குடை இன்னும் பிரிக்கப்படாமல் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஊரிலிருந்து டூர் பேக்கேஜில் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். “டிப்ஸ் சேர்த்தாச்சு” என்று ஏஜென்ட் வாங்கியிருப்பார், கப்பல் புக்கிங்கில் அது கட்டப்பட்டிருக்காது. தெரிந்த குடும்பம் ஒன்று இப்படி இரண்டு முறை கட்டியது. ஆப்பில் உங்கள் புக்கிங்கைத் திறந்து, டிப்ஸ் கட்டப்பட்டதாகக் காட்டுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

4. கார்டைத் தயார் செய்யுங்கள்

இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் புதிதாகத் தரும் கார்டுகளில் அது மூடித்தான் வரும். துறைமுகக் கவுன்ட்டரில் நின்றுகொண்டு ஓடிபி வரவில்லை என்று தவிக்காமல், வீட்டிலேயே செய்துவிட்டு வரம்பையும் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பினாலும் ராயல் கரீபியனில் கணக்கு அமெரிக்க டாலரில்தான். கார்டுக்கு அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும் என்பதை மனதில் வையுங்கள்.

டெபிட் கார்டும், வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டும் கொடுக்காதீர்கள். செலவுக்கு உத்தரவாதமாகக் கப்பல் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். கிரெடிட் கார்டில் அது வரம்பில் மட்டும் குறையும். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணம் முடங்கும். இறங்கிய பிறகும் சில நாள் வங்கி அதை விடுவிக்காது. அதற்குள் சிங்கப்பூரில் ஹோட்டலுக்குக் கட்ட வேண்டியிருக்கும்.

5. உடை: எத்தனை இரவு, என்ன விதி

மூன்று முதல் ஐந்து இரவுப் பயணத்தில் எல்லோரும் கோட் சூட் போல விசேஷ உடையில் சாப்பிட வரும் ஃபார்மல் இரவு பொதுவாக ஒன்றே ஒன்றுதான், பெரும்பாலும் கப்பல் முழுநாளும் கடலில் இருக்கும் நாளில் வரும். மற்ற இரவுகளில் சாதாரண நல்ல உடை போதும். எந்த இரவு என்று ஆப்பில் முன்கூட்டியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். கல்யாணத்துக்குப் போவதுபோல் நான்கு பட்டு எடுத்து வருவதும் வீண், வெறும் டி-ஷர்ட்டோடு வருவதும் வீண்.

விதி முழுக் கப்பலுக்கும் அல்ல, பிரதான சாப்பாட்டுக் கூடத்துக்கும் சில சிறப்பு உணவகங்களுக்கும்தான். கோட் போடப் பிடிக்கவில்லையா, அன்றைக்கு பஃபேவில் சாப்பிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். எந்த இரவிலும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடாதவை: நீச்சல் உடை, கையில்லாத பனியன், தொப்பி, வெறுங்கால்.

நம் உடை தாராளமாகச் செல்லும். விதிகளில் கறாரான குனார்டு கம்பெனிக் கப்பல்களில்கூட காலா இரவுகள் எனப்படும் ஃபார்மல் இரவுகளுக்கு அவரவர் நாட்டுச் சம்பிரதாய உடையை ஏற்கிறார்கள். பட்டுப் புடவையும் பட்டு வேட்டி சட்டையும் ஃபார்மல்தான். இதற்காக கோட் சூட் தைக்க ஓடாதீர்கள். நார்வேஜியனில் கட்டாய ஃபார்மல் இரவே கிடையாது.

ஆனால் நடைமுறைச் சிக்கல்கள் சில உண்டு.

பாக்கெட். கார்டு இல்லாமல் கப்பலில் நகர முடியாது: கதவு திறக்க, காபி வாங்க, இறங்க, ஏற. வேட்டியில் எங்கே வைப்பது? பாக்கெட் வைத்த ஒட்டிக்கோ வேட்டிதான் இதற்குச் சரி, காற்றுக்கும் நிற்கும். புடவைக்காரர்கள் கழுத்தில் மாட்டும் பட்டையோ சின்னப் பர்ஸோ எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகிய கார்டைத் தொலைத்துவிட்டு பெரியம்மா அரை மணி நேரம் அறைக் கதவருகே நின்றது எனக்கு மறக்காது.

இஸ்திரி. இஸ்திரிப் பெட்டி, நீராவிப் பெட்டி எதுவும் கொண்டுவரக் கூடாது, தீ அபாயம் என்று ஸ்கேனிங்கிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரும் அப்படித்தான். கார்னிவல், பிரின்சஸ் கப்பல்களில் நாமே துவைத்து இஸ்திரி போடும் அறை இருக்கும், ராயல் கரீபியனில் இல்லை. கசங்காத துணியாக எடுங்கள், அல்லது கப்பல் லாண்டரிக்குப் போடுங்கள். கிரெடிட்டைக் கரைக்க இது நல்ல வழி.

குளிர். தியேட்டரிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் ஏசி எலும்பைத் துளைக்கும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை.

நைட்டி. சொல்லியாக வேண்டும்: நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு காலைப் பலகாரத்துக்குப் போகும் பழக்கம் வேண்டாம். யாரும் தடுக்க மாட்டார்கள், திரும்பிப் பார்ப்பார்கள். லுங்கிக்கும் இதே.

நீச்சல். குளத்தில் இறங்க நைலான், லைக்ரா உடை வேண்டும். சுடிதாரோடும் ஜீன்ஸோடும் இறங்கினால் வெளியே ஏறச் சொல்லிவிடுவார்கள், பருத்தி நூல் வடிகட்டியில் அடைக்கும். முழு உடல் மறைக்கும் நீச்சல் உடையை எதிர்ப்பதில்லை, வேண்டியவர்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். டயாபர் போடும் குழந்தையைக் குளத்தில் விட மாட்டார்கள்.

கரையில் இறங்கும் நாளுக்கும் ஒரு ஜோடி யோசியுங்கள். புக்கெட்டில் வாட் சலோங் போன்ற கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மூட வேண்டும். கரீபியன் பக்கம் போகிறவர்கள் ராணுவப் புள்ளி போட்ட துணியை எடுக்கவே வேண்டாம். பார்படாஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

6. முதல் நாளுக்குத் தனிப் பை

துறைமுகத்தில் கொடுத்த பெரிய பெட்டி அறைக்கு வர சாயங்காலம் ஆகலாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஆகலாம். கைப்பையில் நீச்சல் உடை, அன்று இரவுக்கு ஒரு செட், மருந்து, பாஸ்போர்ட் இருக்கட்டும். மத்தியானமே குளம் திறந்திருக்கும். குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டு பெட்டிக்காகக் காத்திருப்பது பெரிய கொடுமை.

பெட்டி தூக்குபவருக்கு டிப்ஸ்? சிங்கப்பூரில் வழக்கமில்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டிக்கு ஓரிரு டாலர் கொடுப்பார்கள்.

7. ஏறிய அன்றே கணக்கைத் திறந்து பாருங்கள்

சாப்பாடெல்லாம் முடித்து மூச்சு விட்டதும் ஆப்பில், இல்லாவிட்டால் கெஸ்ட் சர்வீஸ் கவுன்ட்டரில் கணக்கைப் பாருங்கள். கிரெடிட் ஏறியிருக்கிறதா? யார் பெயரில்? முன்பணம் கட்டிய டிப்ஸ் மறுபடி ஏறுகிறதா? வேறு பெயரில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் நாள் இது ஐந்து நிமிட வேலை. கடைசி நாள் இதே கவுன்ட்டரில் ஒரு மணி நேர வரிசை.

அன்றிரவே சாப்பாட்டுக் கூடத்தின் ஹெட் வெயிட்டரிடம் சைவம், முட்டை வேண்டாம், காரம் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். மறுநாளுக்குச் சமையலறையில் சொல்லி வைப்பார். இது டிப்ஸ் விஷயமும்தான், 10-ஆம் படியில் சொல்கிறேன்.

8. ஒவ்வொரு ரசீதிலும் ஏற்கெனவே டிப்ஸ் இருக்கிறது

தினசரி டிப்ஸ் வேறு, பானத்துக்கான டிப்ஸ் வேறு. பார், சிறப்பு உணவகம், ஸ்பா எல்லாவற்றிலும் ராயல் கரீபியனில் 18 சதவீதம் தானாகச் சேரும், நார்வேஜியனில் 20. டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கினாலும் அதன் விலை மேல் இது உண்டு.

ரசீதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மாக்டெயில் (மது இல்லாத கலவைப் பானம்) 8.00. அடுத்த வரி சேவை 1.44. மொத்தம் 9.44. அதன் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று காலியாக ஒரு கோடு, அதற்கும் கீழே கையெழுத்து. அந்தக் கோட்டை நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைத்து என் நண்பர் மூன்று நாளும் இரண்டிரண்டு டாலர் எழுதிக்கொண்டே இருந்தார். கோடு போட்டு அடித்துவிட்டு மொத்தத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். விசேஷமாகக் கவனித்தவருக்கு மட்டும் அதை நிரப்பலாம்.

அறைக்குச் சாப்பாடு வரவழைத்தால் அதற்குத் தனிக் கட்டணமும் மேலே 18 சதவீதமும் உண்டு. பேக்கேஜில் இன்னொரு கண்ணி: ஒரே அறையில் ஒரு பெரியவர் மது பேக்கேஜ் எடுத்தால் அந்த அறையின் மற்ற பெரியவர்களும் எடுக்க வேண்டும் என்பது விதி. குடிக்காத மனைவிக்கும் சேர்த்துப் பணம் கட்டியபின் சண்டை போட்டுப் பயனில்லை.

9. கடைசிக்கு முந்தின நாள்: மிச்சக் கிரெடிட்டைக் கரையுங்கள்

கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கடைகள் மூடியிருக்கும். கடைசி இரவில் கூட்டம் அலைமோதும்.

முதலில் டிப்ஸ் கழிந்தபின் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பிறகு நமக்கு உண்மையில் வேண்டியதில் செலவழியுங்கள்: ஃபார்மல் இரவில் எடுத்த குடும்பப் படம், சிறப்பு உணவகத்தில் ஒரு வேளை, லாண்டரி, இன்டர்நெட். எதுவும் வேண்டாமா, கையால் கொடுக்க நினைத்த டிப்ஸைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கெஸ்ட் சர்வீஸில் கேட்டுப் பாருங்கள். குடை வாங்குவதைவிட மேல். திரும்பும் வகைக் கிரெடிட் என்றால் அப்படியே விட்டுவிடலாம், வந்துசேரும்.

10. கையில் கொடுப்பது: யாருக்கு, எப்போது

தானாக ஏறும் டிப்ஸே போதும், மேலே கொடுப்பது உங்கள் இஷ்டம். நான் இரண்டு பேருக்குக் கொடுப்பேன்: அறையைப் பார்த்துக்கொண்டவர், நமக்காகச் சாம்பாரோ பருப்போ தனியாகச் செய்வித்த ஹெட் வெயிட்டர். குடும்பம் முழுவதற்குமாகச் சேர்த்து அந்த இருவருக்கும் ஆளுக்குப் பத்து டாலர் அளவில், ஒரு கவரில். நேரில், பெயர் சொல்லி. கடைசிக் காலை தலையணையில் வைத்துவிட்டு வந்தால் அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. கடைசி இரவே கொடுங்கள், காலையில் அவர் எங்கே ஓடிக்கொண்டிருப்பாரோ.

தானாக ஏறும் டிப்ஸை நீக்கச் சொல்லிக் கேட்க முடியும், முன்பணம் கட்டாதிருந்தால் கெஸ்ட் சர்வீஸில் செய்து தருவார்கள். “நாங்க நேர்லயே குடுத்துக்கறோம்” என்று நீக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் செய்ய மாட்டேன். நேரில் பார்க்கும் இருவருக்குக் கொடுத்துவிடலாம், துண்டு துவைத்தவரை எங்கே தேடுவது? அவர்கள் வருமானத்தில் இது பெரும்பங்கு. சேவை மோசம் என்றால் அன்றே புகார் சொல்லிச் சரிசெய்ய வையுங்கள்.

கரையில் வண்டி ஓட்டியவர், வழிகாட்டி இவர்களுக்கு இந்த டிப்ஸில் பங்கில்லை. அவர்களுக்கு மலேசிய ரிங்கிட்டிலோ தாய்லாந்தின் ‘பாட்’ நாணயத்திலோ தனியாக.

11. கடைசி இரவு: பெட்டியை வெளியே வைக்கும் முன்

தாங்களே பெட்டியைத் தூக்கிப் போகாதவர்கள் இரவே அதை அறைக்கு வெளியே வைக்க வேண்டும். நள்ளிரவுக்குள் எடுத்துப் போய்விடுவார்கள், மறுநாள் துறைமுகத்தில்தான் பார்க்கலாம். ஆகவே மறுநாள் போடும் சட்டை, பேன்ட், உள்ளாடை, செருப்பு இவற்றைக் கட்டிலில் எடுத்து வைத்தபிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.

என் சித்தப்பா ஒழுங்கான மனிதர். எல்லாவற்றையும் மடித்து வைத்து, பூட்டி, பத்து மணிக்கே வெளியே தள்ளிவிட்டு, லுங்கி கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். காலையில் அவருக்கென்று அறையில் இருந்தது அந்த லுங்கியும் என் பையிலிருந்த ஒரு அரைக்கால் சட்டையும்தான். சிங்கப்பூர் குடியேற்ற வரிசையில் அவர் அந்த அரைக்கால் சட்டையில் நின்றார், அது எனக்கே இறுக்கம்.

அன்றிரவே ஆப்பில் இறுதிக் கணக்கையும் பாருங்கள். தெரியாத வரி ஏதாவது இருந்தால் தூங்கும் முன் கவுன்ட்டருக்குப் போங்கள். மினிபாரில் எடுக்காத கோலா, குழந்தை வீடியோ கேம் அறையில் தேய்த்த கார்டு, இரண்டு முறை ஏறிய காபி, இவைதான் வழக்கமாக வருபவை. கப்பலை விட்டு இறங்கியபின் திருத்துவதற்கு மின்னஞ்சலில் மல்லுக்கட்ட வேண்டும். ஊர் வந்து இரண்டு வாரம் கழித்து கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பிடித்து வைத்த தொகை விடுபட்டதா, பில் ஒருமுறைதான் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.